உயர்தரக் கல்வியின் பயன்

உயர்தரக் கல்வி எதன்பொருட்டு என்னும் வினாவுக்கு விடை கூறுவார் இருதிறத்தினர். ஒருசாரார் பொருளீட்டற்கும் பதவிக்கும் என்பர். மற்றொருசாரார் அங்ஙனங் கூறுதல் கல்விக்கு இழுக்கென்று கருதி, அறிவு அறிவின்பொருட்டே என்பர். முன்னையோர் கூற்றை மறுத்தற்குப் பெருமுயற்சி வேண்டா. பின்னையோர் கூற்றுக் கேட்டற்கு இனிதாயினும் ஆராயுமிடத்து நிலைபெறுமாறில்லை. என்னை? அறிவென்பது ஒன்றனை அறிதலன்றித் தனித்து நிற்பதோர் பொருளன்று. ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் என்பது சித்தாந்தத் துணிபாகலின், கற்பவன் எதனைச் சார்ந்து கற்கின்றானோ அதன் வண்ணமே ஆவன். மதிப்பெண்ணைச் சார்ந்தவன் மதிப்பெண்ணாவன். தன் புகழைச் சார்ந்தவன் எத்துணை நூல் கற்பினும் ஆணவம் முறுகப்பெறுவன். ஆகவே, கற்கப்படும் நூல் யாது என்பதினும், கற்குங்கால் உள்ளம் எதனைச் சார்ந்து நின்றது என்பதே முதற்கண் ஆராயற்பாலது.

சென்னைச் சர்வகலாசாலை 1857-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதற்கு முன்னரே, 1844-ஆம் ஆண்டில், கவர்னர் ஜெனரலாயிருந்த ஹார்டிஞ்சு என்பார் ஆங்கிலக் கல்வியிற் றேர்ந்தார்க்கு அரசாங்க அலுவல்களில் முதன்மை தரப்படுமென விதித்திருந்தனர். கல்வியின் பயன் இன்னதென்பது கலாசாலை எழுமுன்னரே வரையறுக்கப்பட்டுவிட்டது போலும். இலண்டன் சர்வகலாசாலையை மாதிரியாகக் கொண்டமையின், சென்னையில் எழுந்ததும் கற்பிக்குங் கழகமாகாது, கல்லூரிகளிற் கற்று வருவாரைச் சோதித்துப் பட்டமளிக்குங் கழகமாகவே நெடுங்காலம் இருந்தது. தானே கற்பித்தற்கு 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அதற்கு இடமுண்டாயிற்று. மரக்கால் நெல்லை அளக்கும், விளைக்கமாட்டாது. மரக்காலைக் குறைகூறுதல் எம் கருத்தன்று. அளவையே விளைவென்று மயங்கியதே குறையென்க.

இனி, அக்காலத்தே நம் மடங்களில் நிகழ்ந்த கல்வி எத்தகையது? திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் பாடஞ்சொல்லி வந்தனர். ஆண்டு வரையறையுமில்லை, வினாத்தாளுமில்லை, பட்டமுமில்லை. சைவரேயன்றி, நாகூர்க் குலாம்காதிறு நாவலரும் சவராயலு நாயகரும் அவர்களிடம் பாடங்கேட்டனர். 1871-ஆம் ஆண்டு மாயூரத்தில் அவர்களையடைந்த உ. வே. சாமிநாதையர் 1876-ஆம் ஆண்டில் அவர்கள் சிவபதமடையுங்காறும் உடனிருந்து கற்றனர். இம்முறையைப் போற்றுவார் பலர், யாமும் போற்றுவேம். ஆயினும் இம்முறையும் குறைவற்றதன்று என்பதனை நம்மவர் ஒப்புக்கோடல் வேண்டும்.

1880-ஆம் ஆண்டு ஐயர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தனர். அவ்வாண்டிலேயே அவ்வூர்க்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றனர். என்னென்ன நூல்கள் கற்றீர் என முதலியார் வினவ, ஐயர் தாம் கற்ற அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் முதலியவற்றை நிரலே கூறிச் சென்றனர். கேட்டவர் வியந்தாரல்லர். இவற்றாற் பயன் என்னை, இவற்றிற்கு முற்பட்ட பழநூல்களைக் கற்றதுண்டோ என்னுங் கருத்துப்பட வினவிச் சீவகசிந்தாமணியின் பெயரைக் கூறினர். ஐயர் அதனைக் கற்றிருந்தாரல்லர். இச்செய்தியை அவர்களே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளியாது எழுதியிருக்கின்றனர்.

இங்கே சிறிது நின்று நோக்குதல் வேண்டும். தமிழில் உயர்கல்வி என்று நாட்டிற் கிடைத்த யாவும் பெற்றவர் ஐயர். பெருமடத்தின் ஆதரவும் பேராசிரியரின் அன்பும் வாய்க்கப்பெற்றவர். அத்தகையாரை நோக்கி, ஆங்கிலங் கற்று நியாயஸ்தலத்தில் அமர்ந்த ஒருவர் உம் கல்வி போதாது என்னும் பொருள்படக் கேட்டனர். நம்முள் எத்துணைப் பேர் அவ்விடத்து வெகுண்டெழுந்து வந்திருப்போம்! ஐயர் வெகுண்டிலர், முதலியார் தந்த கையெழுத்துப் பிரதியைக் கொண்டு படிக்கத் தொடங்கினர். இலக்கணப் பயிற்சி மிக்க அவர்க்கே பலவிடத்தும் பொருள் விளங்கவில்லை. சமண சமயக் கொள்கைகளும் வழக்குச் சொற்களும் அவர் கற்ற நூல்களுள் இல்லை. ஆகவே கும்பகோணத்துச் சந்திரநாத செட்டியார் முதலிய சமணர் இல்லங்களுக்குச் சென்று, தாம் கல்லூரியாசிரியர் என்னும் நினைவின்றி மாணாக்கராய் அமர்ந்து கேட்டனர். ஏழாண்டு உழைப்பின் பின்னர் 1887-ஆம் ஆண்டு சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889-லும், சிலப்பதிகாரம் 1892-லும், புறநானூறு 1894-லும் தொடர்ந்தன.

உயர்தரக் கல்வியின் பயன் அந்த வாயிலில் ஐயர் நின்ற நிலையே என்பேம். விளங்காததனை விளங்காதது என்று காணுதற்கும் கல்வி வேண்டும். கல்லாதவனுக்கு அவ்விடமே புலப்படாது. அங்ஙனங் கண்டபின் அதனை மறையாது பிறர் வாயிலிற் சென்று நிற்றற்கு, கற்ற கல்வியால் ஆணவம் சிறிதேனும் மெலிந்திருத்தல் வேண்டும். சிந்தாமணியை மகாவித்துவான் அவர்க்குப் பாடஞ்சொல்லிலர். ஆயினும் அதனைத் தாமே தேடிக் கற்றற்குரிய தகுதியை அவர்க்கு ஆக்கியது அவர்தம் பாடமேயாம். சர்வகலாசாலையின் தேர்வு எதனையும் எழுதாத இவர்க்கு 1932-ஆம் ஆண்டு அச்சர்வகலாசாலையே டாக்டர் பட்டம் வழங்கியது. அவரைச் சோதிக்க எண்ணியிருப்பின், வினாத்தாளை யார் வகுத்திருப்பார் என்பது எமக்குத் தெரியவில்லை.

அற்றேல், சைவமடத்துக் கல்வி பெற்றார் சமணநூலில் வாழ்நாளைக் கழித்தல் தகுமோ, அநபாய சோழன் சிந்தாமணியில் ஈடுபட்டிருந்ததனைச் சேக்கிழார் பெருமான் கடிந்ததாகப் புராணங் கூறுமன்றோ எனின், அற்றன்று. சேக்கிழார் அந்நூலை எரித்தாரல்லர். அரசனைத் தடுத்ததனோடு அமைந்தாருமல்லர். அதனினும் சிறந்ததாகத் தாம் கருதிய பொருளைத் திருத்தொண்டர் புராணமாகப் பாடிக் காட்டினர். பரபக்கத்தை உள்ளவாறு கூறிப் பின்னரே மறுத்தல் நம் சாத்திர மரபு. அதனை உள்ளவாறு கூற அறியாதான் மறுப்பது தன் நிழலையே. சிந்தாமணிக்கு உரைகண்ட நச்சினார்க்கினியரும் சைவரென்றே கூறப்படுகின்றனர்.

சர்வகலாசாலை வழியிலும் இத்தகையார் தோன்றாமலில்லை. அதன் முதற் பட்டதாரிகளுள் ஒருவராகிய யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் வீரசோழியத்தை 1881-லும், கலித்தொகையை 1887-லும், சூளாமணியை 1889-லும் பதிப்பித்தனர். அவர் சைவர், வீரசோழியம் பௌத்தர் செய்தது, சூளாமணி சமணர் செய்தது. பட்டம் அவர்க்கு அலுவலைத் தந்தது. ஏடு தேடும் வேட்கையைத் தந்தது பட்டமன்று.

இனி நம் காலத்து நிலை. மடங்கள் கல்லூரிகளையும் நடாத்தி வருகின்றன. தருமபுர ஆதீனம் 1946-ஆம் ஆண்டிலேயே தமிழ்க் கல்லூரி கண்டது. அவற்றின் மாணாக்கரும் பல்கலைக்கழகத் தேர்வெழுதியே பட்டம் பெறுகின்றனர். இதனைக் குறைகூறற்கில்லை. பட்டமில்லார்க்கு அலுவலில்லை, வறிய குடியிற் பிறந்த பிள்ளையிடம் அறிவின் தூய்மையைப் பேசுதல் உண்டு களித்தார்க்கு எளிது. ஐயரும் ஊதியம் பெற்றே குடும்பத்தைப் புரந்தனர்.

ஆயினும் ஒன்று செய்யத்தகும். தேர்வு முடித்த மாணாக்கருள் ஒருவர் இருவரையேனும் ஓராண்டு மடத்தில் இருத்தி, உரையில்லாத நூலொன்றனைக் கையிற் கொடுத்தல் வேண்டும். உணவும் உறையுளும் அளித்தல் மடங்கட்குப் புதிதன்று. அந்நூலின் பொருளறிதற்கு எவ்வூர்க்கும் எச்சமயத்தார் இல்லத்திற்கும் சென்றுவர வழிச்செலவும் தருக. ஆண்டிறுதியில் அவன் எழுதித் தரவேண்டுவது ஆராய்ச்சியுரையன்று. கேட்டும் தேடியும் தனக்கு இன்னும் விளங்காத இடங்களின் பட்டி மாத்திரமே. அதற்கு மதிப்பெண் இடவேண்டா. அடுத்த ஆண்டு வரும் மாணாக்கனிடம் அதனைக் கொடுத்தல் போதும்.