எழுத்தும் ஓர் அமானத்தே!



கண்மணி நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதன்முதல் அருளப்பெற்ற திருவசனங்களிலேயே, எழுதுகோலைக் கொண்டு மனிதனுக்குக் கற்றுக் கொடுத்ததாக வல்ல அல்லாஹ் கூறுகிறான். ‘அல்கலம்’ என்னும் அத்தியாயத்தின் தொடக்கத்திலோ அந்த எழுதுகோலின் மீதே சத்தியம் செய்கிறான். எழுத்துக்கு இதைவிடச் சிறப்பு வேறென்ன வேண்டும்?

இன்றோ எழுதுகோலைத் தொடாமலே எழுத்து பிறக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், செயற்கை நுண்ணறிவு நம் கைப்பேசிகளுக்குள் குடிபுகுந்து விட்டது. கடிதமோ, கட்டுரையோ, ஜும்ஆ பயானோ கேட்ட மாத்திரத்தில் எழுதித் தருகிறது. “இனி நாம் எதற்காக எழுத வேண்டும்?” என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த பலர் ஷஹீதான பின், திருமறையை ஒன்று திரட்டும் பொறுப்பை ஹழ்ரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள், ஜைத் பின் தாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஜைத் (ரலி) அவர்கள் வஹீயை எழுதி வந்தவர்கள். அப்படியிருந்தும், ஒரு மலையைப் பெயர்க்கச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பாரமாய் இருந்திராது என்றே உணர்ந்தார்கள். பேரீச்ச மட்டைகளிலும் கற்களிலும் எழுதப்பட்டிருந்ததையும், மனிதர்களின் நெஞ்சங்களில் இருந்ததையும் தேடித் தேடித் திரட்டினார்கள்.

அந்தப் பாரத்தை இயந்திரம் அறியுமா? மனிதர்கள் எழுதிக் குவித்தவற்றிலிருந்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கோப்பதே அதன் வேலை. அதற்கு நிய்யத்தும் இல்லை, ஸனதும் இல்லை. ஆகவே இல்லாத ஒன்றைக்கூட ஹதீஸ் என்று சொல்லி, நூற்பெயரும் எண்ணும் சேர்த்துத் தந்துவிடக் கூடும்.

2023-ல் நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள், அது புனைந்து தந்த தீர்ப்புகளை உண்மையென்று நீதிமன்றத்தில் சமர்ப்பித்தார்கள். 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதைக் கட்ட வேண்டியிருந்தது இயந்திரமல்ல, மனிதர்களே! துன்யாவின் நீதிமன்றத்திலேயே இப்படியென்றால், மஹ்ஷரில் நாம் என்ன பதில் சொல்வோம்? கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்களே! விசாரிக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்புவோர் சிந்திக்க வேண்டாமா?

கருவியை நாம் வெறுக்கவில்லை. எழுத்துப்பிழை திருத்தவும், அந்நிய மொழியை விளங்கவும் அது உதவட்டும். ஆனால் மார்க்கச் சட்டத்தை உஸ்தாதிடம் ஓதிய ஆலிமிடம் கேளுங்கள். பிள்ளைகளைச் சொந்தமாக எழுதப் பழக்குங்கள். வளைகுடாவிலிருந்து மகன் தன் தாய்க்குப் பிழையோடு எழுதும் நான்கு வரிகளில் அவனுடைய உள்ளம் இருக்கிறது. அதை எந்த இயந்திரத்திடமும் இரவல் வாங்க முடியாது.

நம் தோள்களில் கிராமுன் காத்திபீன் எழுதிக் கொண்டேயிருக்கிறார்கள். இயந்திரத்திற்கு அப்படியோர் ஏடு இல்லை, நமக்கு உண்டு. நாம் எழுதியவை அந்நாளில் நமக்குச் சாதகமாய்ச் சாட்சி சொல்ல வல்ல நாயன் அருள்புரிவானாக! ஆமீன்.