கரகர சத்தமும் நியாய சாஸ்திரமும்

மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி நகரத்துச் சமயவாதிகள் ஒவ்வொருவராகத் தங்கள் கொள்கையைச் சொல்லி வர, கடைசியில் பூதவாதியின் முறை வருகிறது. கண்ணால் கண்டதுதான் அறிவு, கருதிச் சொல்வதெல்லாம் நிற்காது என்பது அவர் கட்சி. மணிமேகலை சிரிக்கிறாள். உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அல்லாமல் வேறெப்படி அறிந்தாய் என்று அவள் திருப்பிக் கேட்பதோடு அந்த வாதம் முடிகிறது.

காப்பியம் அடுத்த காதைக்குப் போய்விடுகிறது. ஆனால் பூதவாதியின் சந்தேகத்தை அவ்வளவு லேசில் தள்ளிவிட முடியாது. கண்முன் இருக்கும் விளைவை வைத்துக்கொண்டு, காணாத காரணத்தை இன்னதுதான் என்று சொல்ல ஒருவருக்கு என்ன உரிமை? இந்தக் கேள்வி நாள் தவறாமல் எழுகிற இடம் ஒன்று உண்டு: கார் ஒர்க்‌ஷாப்.

முன்பக்கம் கரகரவென்று சத்தம் வருகிறது என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவருகிறார். மெக்கானிக் எதையும் கழற்றுவதில்லை. "பிரேக் பிடிச்சா மட்டும் வருதா, சும்மா ஓட்டும்போதும் வருதா? நியூட்ரல்ல போட்டு உருளவிட்டா நிக்குதா? எந்தப் பக்கம் வளைச்சா கூடுது?" என்று கேட்டுக்கொண்டே போகிறார். பதில்களைக் கேட்டுவிட்டு, "லெஃப்ட் வீல் பேரிங் போயிருக்கும் சார்" என்கிறார். பேரிங்கோ சக்கரத்துக்குப் பின்னால், நக்கிளுக்குள் இறுகிக் கிடக்கிறது. அதை அவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

அவர் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் ஒரு காரணத்தைக் கழித்துவிடுகிறது. பிரேக் மிதிக்கும்போது மட்டும் வரும் சத்தம் என்றால் பிரேக் பேட் தேய்ந்து, அதன் இரும்புத் தகடு டிஸ்க்கின் மேல் உராய்கிறது எனலாம். நின்ற வண்டியில் கிளட்சை மிதித்ததும் வந்தால் ரிலீஸ் பேரிங்கின் மேல் சந்தேகம் விழும். நியூட்ரலில் கிளட்சை விட்டதும் வந்தால் கியர்பாக்ஸுக்குள் தேட வேண்டும். இவை எதுவும் இல்லாமல், வண்டியின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் முனகல் என்றால் மிஞ்சுவது வீல் பேரிங். வலப்பக்கம் வளைக்கும்போது பாரம் இடது சக்கரங்களின் மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால் குற்றவாளி இடதுபக்கத்தில் இருக்கிறது.

நியாய சாஸ்திரத்தின் மூல நூலான நியாய சூத்திரம் இவ்வகை அனுமானத்துக்குச் சேஷவத் என்று பெயர் வைத்திருக்கிறது. சுமார் 5ஆம் நூற்றாண்டில் அதற்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இரண்டு விளக்கம் தருகிறார். விளைவிலிருந்து காரணத்துக்குப் போவது ஒன்று. ஆற்று வெள்ளத்தைப் பார்த்து மேலே மழை பெய்ததை அறிவது போல. பொருந்தாதவற்றைக் கழித்து மிஞ்சுவதைக் கொள்வது மற்றொன்று. இந்த இரண்டாவதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணமே சத்தம்தான்: அது திரவியமும் அல்ல, செயலும் அல்ல, ஆகவே குணம் என்று கழித்துக் காட்டுகிறார். மணிமேகலையில் வரும் அளவைவாதியும் வெள்ளத்தையும் மழையையும் சொல்கிறார். கூடவே, காட்டில் பிளிறல் கேட்டு அங்கே யானை உண்டென்று உணர்வதையும் சேர்த்துக்கொள்கிறார்.

இதற்கான எதிர்வாதம் நியாய சூத்திரத்திலேயே பதிவாகியிருக்கிறது. எங்கோ அணை போட்டாலும் ஆறு பெருகுமே? மனிதன் மயில் போல அகவினால் ஏமாறமாட்டோமா? நையாயிகர்களின், அதாவது நியாய மரபினரின், பதில் சுருக்கமானது. மழை வெள்ளம் வெறும் நீர்ப்பெருக்கு அல்ல. அது நுரையும் தழையும் கட்டையும் அடித்துக்கொண்டு விரைந்து வரும். அதைக் கவனிக்காமல், நீர் கூடியதை மட்டும் பார்த்து மழை என்றவர் பிழை செய்தார்; அனுமானம் பிழை செய்யவில்லை.

ஒர்க்‌ஷாப்பிலும் போலி மயில்கள் உண்டு. ஒழுங்கில்லாமல் தேய்ந்த டயர், போன பேரிங்கைப் போலவே முனகும். சாலை மாறினால் டயரின் சத்தம் மாறும். சிமென்ட் ரோட்டில் ஒரு மாதிரி, புதுத் தாரில் ஒரு மாதிரி. பேரிங் அதைச் சட்டை செய்யாது. பாரம் மாறினால்தான் அதன் குரல் மாறும். டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஜல்லி மாட்டிக்கொண்டாலும், பேட் முழுக்கத் தேய்ந்தது போல வண்டி அலறும்.

பூதவாதியைப் போலவே காட்சியை மட்டும் நம்பிய சார்வாகர்கள் இன்னும் ஆழமாகக் குத்தினார்கள். புகை இருந்தால் நெருப்பு உண்டு என்பதைத் திருப்பிப் போட்டு, நெருப்பு இருந்தால் புகை உண்டு என்று சொல்ல முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை இல்லை. ஈர விறகு என்ற மறைந்த நிபந்தனை ஒன்று அங்கே வேலை செய்கிறது. அப்படி ஒரு நிபந்தனை வேறெங்கும் ஒளிந்திருக்கவில்லை என்று யார் உறுதி சொல்வது என்பது அவர்கள் கேள்வி. ராத்திரி முழுக்க மழையில் நின்ற காரைக் காலையில் எடுத்துப் பிரேக் மிதித்தால் கரகரவென்று கேட்கும். வார்ப்பிரும்பு டிஸ்க்கின் மேல் படிந்த மெல்லிய துரு அது. நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். 'பிரேக்கில் சத்தம் என்றால் பேட் தேய்ந்தது' என்ற விதிக்குள் மழையும் ஒரு நிபந்தனையாக ஒளிந்திருக்கிறது. அதைக் கேட்டறியாத மெக்கானிக் நல்ல பேட்டைக் கழற்றி எறிவார்.

ஆகவே வாய்ச்சொல்லோடு விஷயம் முடிவதில்லை. ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கையால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைப் பிடித்துப் பார்க்கிறார். பேரிங் நன்றாக இருந்தால் ஸ்பிரிங் சும்மா இருக்கும். போயிருந்தால் மணலை அரைப்பது போன்ற அதிர்வு விரல்களில் ஏறும். பிறகு பிரஸ்ஸில் வைத்துப் பேரிங்கை வெளியே தள்ளினால், குண்டுகள் ஓடும் தடத்தில் செதில் செதிலாகப் பெயர்ந்த குழிகள் தெரியும். கருதியது இப்போது காட்சியாகிவிட்டது.

காண்டல், கருதல், உரை என்ற மூன்றில், அறிவுக்கு வழியான மற்ற அளவைகளெல்லாம் அடங்கும் என்பது 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் எடுத்த முடிவு. ஒர்க்‌ஷாப்பில் மூன்றாவதற்கும் வேலை உண்டு. புதுப் பேரிங்கை நக்கிளில் ஏற்றும்போது வெளி வளையத்தை மட்டுமே அழுத்த வேண்டும். உள் வளையத்தை அழுத்தினால் விசை குண்டுகள் வழியாகப் பாய்ந்து தடத்தைப் பள்ளமாக்கும். புதுப் பேரிங் சீக்கிரமே பழைய பாட்டைப் பாடும். ஆக்ஸில் நட்டை எவ்வளவு இறுக்குவது? சில வண்டிகளில் அது 200 நியூட்டன் மீட்டரையும் தாண்டும். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் எவ்வளவு யோசித்தாலும் அந்த எண் கிடைக்காது. செய்தவர் மேனுவலில் சொல்லியிருக்கிறார். நம்பி இறுக்க வேண்டும்.

அறிவு சரியானதா என்பதை அதை நம்பிச் செய்த செயல் பலிப்பதில் காணலாம் என்றும் வாத்ஸ்யாயனர் சொல்கிறார். மெக்கானிக்கின் டெஸ்ட் டிரைவ் அதுதான். ஆனால் அவர் இரண்டு பக்கப் பேரிங்கையும் டயரையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால்? சத்தம் போய்விடும், காரணம் எதுவென்பது தெரியாமலே போகும். வண்டிக்காரருக்கு அது போதும், தத்துவவாதிக்குப் போதாது.

நையாயிகர்கள், விளைவிலிருந்து காரணத்துக்குப் போகும் இதே வழியில் கடவுள் வரைக்கும் போனார்கள். குடம் ஒரு விளைவு, அதற்குக் குயவர் உண்டு. உலகமும் விளைவு, அதற்கும் கர்த்தா உண்டு. உதயனர் 10ஆம் நூற்றாண்டில் நியாயகுசுமாஞ்சலியில் இதை விரிவாக நிறுவினார். கடவுளை மறுத்தவர்கள் மட்டுமல்ல, ராமானுஜரும் இதை ஏற்கவில்லை. ஸ்ரீபாஷ்யத்தில் அவர் கேட்பது: உலகம் விளைவாகவே இருக்கட்டும், அது முழுவதையும் ஒருவரே, ஒரே காலத்தில் செய்தார் என்பதற்கு என்ன சான்று? பிரம்மத்தை அறிய அனுமானம் வழியாகாது, சாஸ்திரமே வழி என்று முடிக்கிறார்.

அவர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹுண்டாய் கார்கள் உருவாகின்றன. கண்ணாடி ஒரு தொழிற்சாலையில், டயர் வேறொன்றில், பேரிங் இன்னொன்றில் என்று பலர் கை பட்டுத்தான் ஒரு கார் ஒன்றுசேர்கிறது. காரைக் காட்டி இதைச் செய்த அந்த ஒருவர் யார் என்று கேட்டால், ராமானுஜரின் ஆட்சேபம்தான் பதில்.

நையாயிகர்களும் விடவில்லை. ஒருவரைக் கொண்டே கணக்குத் தீரும்போது பலரைக் கற்பிப்பானேன் என்று லாகவம், அதாவது சிக்கனம், பேசினார்கள். நாலு சக்கரம் இருக்க ஒரே ஒரு பேரிங்கை முதலில் சந்தேகிக்கிற மெக்கானிக்கும் லாகவத்தைத்தான் நம்புகிறார். ஆனால் அவர் கையில் ஒரு ஜாக்கி இருக்கிறது.