கணக்கும் ஒரு நோன்பே



இருபத்து நான்காம் தீர்த்தங்கரராகிய மகாவீர பகவான் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நாளையே நாம் தீபாவளியாகப் போற்றுகிறோம். வணிகம் செய்யும் வடநாட்டுச் சமணப் பெருமக்கள் அந்நாளில் பழைய கணக்கை முடித்துப் புதிய கணக்கேட்டை வைத்துப் பூசிப்பது நெடுநாள் வழக்கம். முற்றத் துறந்த பெருமானின் நிர்வாண நாளுக்கும் வரவு செலவு எழுதும் ஏட்டுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு. வீடு என்பது வினைக்கணக்கு முற்றத் தீர்ந்த நிலையன்றோ? ஊற்றாய் வந்து சேரும் வினை வரவு. உயிரோடு ஒட்டி நிற்கும் கட்டு இருப்பு. செறிப்பினால் வரவு அடைபடுகிறது. உதிர்ப்பினால் இருப்பு கரைகிறது. அந்தக் கணக்கை எவராலும் அழித்து எழுத இயலாது. நம் கையால் எழுதும் கணக்கோ நம் விருப்பத்திற்கு வளையக்கூடியது. ஆகவேதான் நம் விரதத்தின் உறுதியைச் சோதிக்கும் இடமாக அது அமைகிறது.

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களை நாம் அறிவோம். அவற்றிற்கு மாசு சேர்க்கும் அதிசாரங்களையும் உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாக வகுத்துள்ளார். வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்று கூடலேகக்கிரியை. அதாவது பொய்யான ஆவணம் எழுதுதல். மற்றொன்று நியாசாபகாரம், நம்பி ஒப்படைத்த பொருளைக் கவர்தல். கள்ளாமை விரதத்தின் அதிசாரங்களுள் அரசு முறைக்கு மாறாகப் பொருள் கொள்ளுதலும், அளவையில் கூட்டிக் குறைத்தலும், போலிச் சரக்கை நல்லதென விற்றலும் அடங்கும். சமந்தபத்திர ஆசாரியரும் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் அரச ஆணையை மீறுதலை 'விலோபம்' எனக் குறித்துக் கள்ளாமையின் குற்றங்களுள் சேர்த்தார். வருமானத்தை மறைத்துப் பொய்க் கணக்கு எழுதுகிறவன் ஒரே செயலால் வாய்மை, கள்ளாமை என்னும் இரு விரதங்களையும் முறிக்கிறான். பொருள் வரைதல் என்னும் ஐந்தாம் விரதமும் அவனுக்கு இல்லை. இருப்பு இவ்வளவு என்று அறியாதவன் எல்லை இவ்வளவு என்று எங்ஙனம் வகுப்பான்?

இதனை மூவகையினர் நிலையில் வைத்துக் காண்போம்.

முதலாவது, தனிமனிதர். தமிழ்ச் சமணருள் பலர் உழவர். விவசாய வருமானத்திற்கு மைய அரசின் வருமான வரியிலிருந்து விலக்கு உண்டு. இது உழவின் அருமையை மதித்துச் சட்டம் தந்த சலுகை. ஆனால் கடை வாடகையையும் வட்டித் தொழிலின் வரவையும் நெல் விற்ற பணமென எழுதினால், அந்தச் சலுகையே பொய்க்குத் திரையாகிவிடும். ஓய்வூதியம் பெறுவோர் வங்கி வைப்புத்தொகையின் வட்டியைக் கணக்கில் சேர்க்காது விடுவதும், வாடகை வீட்டில் இராதவர் வாடகை ரசீது காட்டுவதும் இவ்வகையினவே. சட்டமே காட்டும் கழிவுகளைப் பயன்படுத்தி வரியைக் குறைத்துக்கொள்வது குற்றமன்று. இல்லாததை உண்டென்றும் உள்ளதை இல்லையென்றும் எழுதுவதே குற்றம். பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துங்கால் விடையை மட்டும் எழுதினால் முழு மதிப்பெண் தருவதில்லை. வழிமுறையையும் காட்டச் சொல்வோம். செல்வத்துக்கும் அதுவே விதி. வந்த வழியைக் காட்ட இயலவேண்டும்.

இரண்டாவது, வணிகர். 2017 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள சரக்கு மற்றும் சேவை வரியை வாங்குவோரிடம் பெறும் வணிகர், அதனைத் தம் பணமென எண்ணலாகாது. அது அரசுக்குச் சேர்ப்பிக்குமாறு வாங்குவோர் அவரிடம் ஒப்படைத்த பொருள். ஊழியரின் சம்பளத்தில் பிடித்த வரியும் அத்தகையதே. அதனைச் செலுத்தாது தொழில் முதலாகச் சுழற்றினால், அது நியாசாபகாரமே. 'பிறகு கட்டிவிடுவேன்' என்னும் எண்ணம் அதிசாரத்தை நீக்காது. பில் இல்லாமல் விற்பதும், சரக்கே வராமல் வாங்கியதாகப் பில் பெறுவதும் கூடலேகக்கிரியையின் இன்றைய வடிவங்கள்.

மூன்றாவது, அறநிலையங்கள். இதனைச் சற்று விரித்துரைப்பது நம் கடமை. ஏனெனில் இங்கே பொய் அறத்தின் ஆடையை உடுத்தி வருகிறது.

போளூரை அடுத்த திருமலையில் முதலாம் இராசேந்திர சோழனின் 13ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. நன்னப்பயன் என்னும் வணிகரின் மனைவி சாமுண்டப்பை, குந்தவை ஜினாலயத்துக்கு ஒரு நந்தா விளக்குக்கென இருபது காசும், திருவமுதுக்கென பத்துக் காசும் அளித்ததை அது கூறுகிறது. அளித்தவர் யார், எவ்வூரினர், எவ்வளவு, எதன்பொருட்டு என்னும் நான்கும் அதில் உள. இன்றைய அறக்கட்டளை ரசீதில் இருக்கவேண்டியவையும் இவையே. கல்லில் எழுதியது எதற்கு? விளக்குக்கு வந்த காசு அமுதுக்கும், அமுதுக்கு வந்த காசு வேறெதற்கும் போகாதிருக்கவே. அவ்வூரைக் கல்வெட்டு பள்ளிச்சந்தம் என்று குறிக்கிறது. பள்ளிச்சந்தம் என்பது சமணப் பள்ளிகளுக்கென விடப்பட்ட நிலம். அத்தகைய நிலங்களை இறையிலியாக அளித்ததைப் பல கல்வெட்டுகள் கூறும். வரிவிலக்கு நமக்குப் புதியதன்று. அறம் செய்வார் என்னும் நம்பிக்கையின்மேல் நாடு விட்டுக்கொடுக்கும் பங்கு அது.

இன்றைய சட்டமும் அந்த நம்பிக்கையின்மேலேயே நிற்கிறது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்திற்கு மாற்றாக 2025இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரிவு எண்கள் மாறின, கடமை மாறவில்லை. பதிவு பெற்ற அறநிலையம் தன் வருமானத்தில் 85 விழுக்காட்டை அறப்பணிக்குச் செலவிடவேண்டும். குறித்த நோக்கத்துக்காகச் சேர்த்து வைப்பதாயின் அதனை முறையாகத் தெரிவிக்கவேண்டும். 2017 ஏப்ரல் 1 முதல் ஒருவரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறலாகாது. பெற்றால் அத்தொகை அளவுக்கே தண்டம் உண்டு. ஆலயங்களும் இதற்கு விலக்கல்ல.

இனி, சொல்ல மனம் கூசும் ஒன்று. நாட்டில் சில அறக்கட்டளைகள் லட்ச ரூபாய் காசோலை பெற்று, ரசீதும் அளித்து, சிறு பங்கை நிறுத்திக்கொண்டு மிகுதியை ரொக்கமாகத் திருப்பித் தருகின்றன. கொடுத்தவர் வரிக்கழிவு பெறுகிறார். நிலையத்துக்கும் சிறிது கிடைக்கிறது. 'யாருக்கும் நட்டமில்லை, கோபுரத் திருப்பணிதானே நடக்கிறது' என்பர். அன்பர்களே, நட்டம் உண்டு. வரிப்பணத்தால் நடக்கும் பள்ளியில் பயிலும் பிள்ளைக்கும், அரசு மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும் நோயாளிக்கும் உரியதை எடுத்தே அந்தக் கோபுரம் உயர்கிறது. ஜினபிம்பத்தின் திருமுன் பொய் ஆவணத்தைக் காணிக்கையாக வைக்கும் துணிவு நமக்கு வேண்டா. இத்தகைய உதவியை மறுக்கும் நிர்வாகியைச் சபை ஏசுதல் கூடாது. அவருக்குத் துணை நிற்றல் வேண்டும்.

மறைத்த செல்வத்தில் ஒரு பங்கைத் தானம் செய்தால் மீதி தூய்மையாகும் என்று எண்ணுவோரும் உளர். சிராவகனின் தகுதிகளை எண்ணப் புகுந்த ஏமசந்திரர் யோகசாத்திரத்தில் முதற்கண் வைத்தது நேர்வழியில் ஈட்டிய பொருளையே. பண்டித ஆசாதரரும் அவ்வாறே சாகார தர்மாமிருதத்தில் அதனை முதன்மையாகக் கொண்டார். தானம் அதன் பின்னரே வரும். மேலும், 2023-24 முதல் இயல்பாகப் பொருந்தும் புதிய வரிமுறையில் நன்கொடைக்குக் கழிவு இல்லை. வரிக்கழிவு இல்லையெனில் தானமும் இல்லை என்பவர், இதுகாறும் கொடுத்தது தானந்தானா எனத் தம் நெஞ்சையே வினவட்டும்.

ஆக்ரா வணிகரும் சமணப் புலவருமான பனாரசிதாசர் 1641இல் தம் வரலாற்றை எழுதினார். வணிக இழப்புகளோடு தம் குணங்களையும் குற்றங்களையும் அதில் மறையாது வரிசைப்படுத்தினார். அத்தகைய நேர்மை நம் ஏடுகளிலும் விளங்குக. அடுத்த தீபாவளிக்குள் மூன்று நோன்புகளை மேற்கொள்வோம். இல்லத்தில் வரவு செலவை நாள்தோறும் எழுதுவோம். பிறர் பொருட்டுக் கையில் உள்ள பணத்தை நம் பணத்தோடு கலவாது தனிக் கணக்கில் வைப்போம். நம் ஆலயத்தின் ஆண்டுக் கணக்கை, எவரும் கேட்பதற்கு முன்பே, சபையில் வாசிப்போம்.

மாலையில் பிரதிக்கிரமணம் செய்து அன்றைய குற்றங்களை எண்ணிப் பார்க்கும் நமக்கு, அன்றைய கணக்கை எண்ணிப் பார்ப்பது அரிய செயலன்று. ஏடு தூயதாயின், அதன்முன் ஏற்றும் விளக்கும் பூசனையாகும்.

அறம் வளர்க! அருகன் நெறி ஓங்குக!