பாற்கடலின் கரையில்

வேலூரில் பாலாற்றங்கரையில் ஒரு முத்து மண்டபம் உண்டு. கண்டியை ஆண்ட கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சமாதி அது. சிறு வயதில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஆற்றில் மணல்தான் கிடக்கும். அந்த மன்னன் தன் ஊரில் ஓர் ஏரியை உண்டாக்கியவன் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. ஏரி கண்டவன் வறண்ட ஆற்றின் கரையில் உறங்குகிறான். இந்த நினைப்புதான் என்னைக் கண்டிக்கு அழைத்துப் போனது.

விடியுமுன் ஏரிக்கரையில் நின்றேன். சுற்றிலும் மலை, நீர்மேல் பனி. சிங்களத்தில் இதற்குக் 'கிரி முகுத', பாற்கடல், என்று ஒரு பெயர் உண்டு. அந்த வேளையில் பார்த்தால் வேறு பெயர் சொல்லத் தோன்றாது. முன்பு இங்கே நெல் விளைந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வயலை மறித்துக் கரை கட்டி மன்னன் நீரைத் தேக்கினான். வேலைக்கு மறுத்தவர்களை ஏரிப் படுகையிலேயே கழுவேற்றினான் என்று ஊரில் ஒரு கதை வழங்குகிறது. நடந்ததோ இல்லையோ, கேட்ட பிறகு அந்த நீரை வெறும் அழகாகப் பார்க்க முடியவில்லை. பெயர் தெரியாத அவர்களுக்காகவும் கொஞ்சநேரம் கண்மூடி நின்றேன்.

தலதா மாளிகையில் காலைப் பூசைக்கு முரசு கேட்டது. வெள்ளை உடுத்த கூட்டத்தோடு கையில் ஒரு நீலோற்பலம் ஏந்தி மாடிக்கு ஏறினேன். கதவு திறந்திருக்கும் அந்தச் சில கணங்களில் தெரிவது தூபி வடிவான பொற்பேழை மட்டுமே. அதற்குள் ஒன்றினுள் ஒன்றாகப் பேழைகள். எல்லாவற்றுக்கும் உள்ளே புத்தரின் புனிதப் பல். கருவறை இருட்டில் கற்பூர ஒளியில் முகம் தேடிப் பழகிய கண்கள் என்னுடையவை. இங்கே தேட முகமில்லை. பூவை வைத்துவிட்டு நகர வேண்டியதுதான். கலிங்கத்து இளவரசி ஹேமமாலி 4ஆம் நூற்றாண்டில் இந்தப் பல்லைக் கூந்தலுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாள் என்பது மரபு. அன்று மறைந்து வந்தது இன்றும் மறைந்தே இருக்கிறது. காணாததன்முன் இத்தனை பேர் இத்தனை அமைதியாக நிற்பதைப் பார்த்தபோது, நான் இதுவரை கேட்டுப் பெற்ற தரிசனங்கள் சிறிதாகத் தோன்றின.

மாளிகைக்கு எதிரே, அரசமரங்களுக்கு அருகில் பத்தினி தேவாலயம். பத்தினி நம் கண்ணகிதான். மதுரையை எரித்தவள் இங்கே நோய் தணிப்பவள், பிள்ளைகளைக் காப்பவள். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் பூசகரான கப்புராளையிடம் பழத்தட்டை நீட்டினாள். அவர் சிங்களத்தில் முணுமுணுத்த வேண்டுதலில் எனக்குப் புரிந்தது 'பத்தினி' என்ற ஒரு சொல்தான். அது போதுமாக இருந்தது. சினம் ஆறுவதற்கு அவளுக்கு ஒரு கடலைத் தாண்ட வேண்டியிருந்ததோ என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் இங்கே வந்தாள். இங்கிருந்த மன்னன் அங்கே போனான். 1815இல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்தார்கள். பிறகு வேலூர்க் கோட்டையில் காவல், 1832இல் மரணம். ஏரியைச் சுற்றி அவன் எழுப்பிய மேக அலைச் சுவர் பாதியில் நின்றுபோனது. விளக்கு வைக்க அதில் முக்கோண மாடங்கள் விட்டிருக்கிறார்கள். பகல் முழுவதும் அந்தச் சுவரருகே உட்கார்ந்திருந்தேன். மன்னனுக்காக வருந்தவே வந்தேன். ஆனால் அவன் விட்டுப்போன நீரில் நீர்க்காகம் மூழ்கி எழுவதையும், கரையில் உடும்பு வெயில் காய்வதையும் பார்க்கப் பார்க்க அந்த வருத்தம் தானாக இறங்கியது. கட்டியவனை ஏரி தேடவில்லை.

மாலைப் பூசைக்கு மறுபடி மாடியேறினேன். காலையில் வைத்த பூக்களை ஒருவர் இரு கைகளாலும் அள்ளிக் கூடையில் சேர்த்துக்கொண்டிருந்தார். என் நீலோற்பலம் எது என்று பார்த்தேன். தெரியவில்லை.