பூட்டிய கதவும் வெளியே நின்றவரும்

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் நான் பங்குத்தந்தையாக இருந்தேன். பங்குப் பேரவைத் தேர்தல் வந்தது. ஒவ்வோர் அன்பியமும் இரண்டு பேராளர்களைத் தேர்ந்து அனுப்ப வேண்டும். அவர்கள் கூடிப் பேரவையின் துணைத்தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பேராளர் பட்டியலை இன்ன ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும் என்று திருப்பலியில் அறிவித்திருந்தேன். 18 அன்பியங்களில் 17 அவ்வாறே செய்தன. ஓர் அன்பியத்தின் பட்டியல் மட்டும் மூன்று நாள் பிந்தி வந்தது. அந்த அன்பியத்து ஆண்களில் பெரும்பாலோர் ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். அவர்கள் கரை திரும்பிய பிறகே கூட்டம் கூட முடிந்தது.

துணைத்தலைவர் பொறுப்புக்கு இருவர் போட்டியிட்டனர். யார் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும். "விதி என்றால் விதிதான்" என்று சொல்லி, அந்த இரு பேராளர்களையும் நான் வாக்களிக்க விடவில்லை. 34 பேர் வாக்களித்தார்கள். ஒருவருக்கு 18, மற்றவருக்கு 16. வெளியே நிறுத்தப்பட்ட இருவரும் உள்ளே வந்திருந்தால் இரு பக்கமும் 18 ஆகியிருக்கும். சீட்டுப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். அன்று மாலை அந்த அன்பியத்து முதியவர் ஒருவர் என்னிடம் வந்தார். அவர் கோபப்படவில்லை. "சாமி, நீங்க கதவைப் பூட்டினது சரிதான். ஆனா வெளிய நிக்கது யாருன்னு பாத்துட்டுதான பூட்டினீங்க?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் போய்விட்டார்.

அவருக்கு உண்மையான விடை சொல்ல எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. தேர்தலில் தோற்பதும் வெல்வதும் பெரிதல்ல. யார் வாக்களிக்கலாம், எவ்வாறு எண்ணலாம் என்னும் விதியை, முடிவு யாருக்குச் சாதகமாகும் என்று அறிந்தபின் பயன்படுத்தும்போது நம் மனச்சான்றுக்கு என்ன நேர்கிறது என்பதே கேள்வி. இது சிற்றூர்ச் சண்டைக்கு மட்டும் உரியதன்று. பேரியக்கங்களும் வல்லரசின் கட்சிகளும் இதே வாசலில் தடுக்கி விழுந்திருக்கின்றன.

நம் விடுதலை இயக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1939 ஜனவரி 29 அன்று காங்கிரஸ் தலைவர் தேர்தலில் மாகாணப் பேராளர்கள் வாக்களித்தனர். சுபாஷ் சந்திர போஸுக்கு 1580 வாக்குகள். பட்டாபி சீதாராமய்யாவுக்கு 1377. வேறுபாடு 203 மட்டுமே. தேர்தலுக்கு முன்னரே, போட்டியின்றித் தலைவரைத் தேர்வதே மரபு என்று வல்லபாய் படேல் முதலியோர் அறிக்கை விட்டிருந்தனர். போட்டி முடிந்தபின், காங்கிரஸின் உறுப்பினர் பதிவேடுகளில் போலிப் பெயர்கள் மலிந்துவிட்டன என்று காந்தியடிகள் வருந்தி எழுதினார். அந்த வருத்தம் உண்மையானதே. ஆயினும் அதே பதிவேடுகள், முடிவு வேறாக இருந்திருந்தால், அந்த வாரமே கண்ணில் பட்டிருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது.

தலைவரே தம் செயற்குழுவை அமைத்துக்கொள்ளலாம் என்பது காங்கிரஸின் விதி. அவ்வாண்டு மார்ச்சில் ஜபல்பூருக்கு அருகே திரிபுரியில் கூடிய மாநாட்டில், காந்தியடிகளின் விருப்பப்படியே செயற்குழுவை அமைக்க வேண்டும் என்ற தீர்மானத்தை கோவிந்த வல்லப பந்த் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. நோயுற்றிருந்த போஸ் ஏப்ரல் 29 அன்று கல்கத்தாவில் பதவி விலகினார். பெரும்பான்மையினர் வாக்கால் வந்த தீர்மானந்தானே, இதில் என்ன குற்றம் என்று சிலர் கேட்கக்கூடும். வாக்கால் வந்தவரை வாக்காலேயே வெறும் பெயராக்கிவிட முடியும் என்பதே அதிலுள்ள துயரம். காந்தியடிகளையும் படேலையும் போற்றுகிறவர்கள் நாம். ஆகவேதான் இதனைச் சொல்ல வேண்டியிருக்கிறது: நல்லவர்களும், தம் நோக்கம் நல்லது என்ற உறுதியினாலேயே, இந்தக் குழியில் விழக்கூடும்.

விதியை மாற்றுவது மட்டுமா சிக்கல்? மாற்றாமல் காப்பதிலும் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக வருவதற்கு 2008-இல் பராக் ஒபாமாவும் ஹிலரி கிளிண்டனும் கடுமையாகப் போட்டியிட்டனர். மாநிலந்தோறும் கட்சித் தேர்தல் நடக்கும். அதனைப் பொறுத்துப் பேராளர்கள் மாநாட்டுக்கு வருவார்கள். நான்கு மாநிலங்கள் நீங்கலாக எவரும் பிப்ரவரி 5-க்கு முன் தேர்தல் நடத்தலாகாது என்பது கட்சி விதி. மிச்சிகன் ஜனவரி 15 அன்றும் ஃபுளோரிடா ஜனவரி 29 அன்றும் தேர்தல் நடத்தின. அவ்விரு மாநிலங்களின் பேராளர்களுக்கும் வாக்குரிமை இல்லை என்று கட்சி 2007-லேயே அறிவித்துவிட்டது. மிச்சிகன் வாக்குச்சீட்டிலிருந்து ஒபாமா தம் பெயரையும் விலக்கிக்கொண்டார். இரண்டிலும் கிளிண்டனே முன்னின்றார்.

போட்டி இறுகியபோது வழக்கு மூண்டது. மக்கள் அளித்த வாக்கை எண்ணாமல் விடலாமா என்றது ஒரு பக்கம். முன்னரே அறிவித்த விதியை ஆட்டத்தின் நடுவில் மாற்றலாமா என்றது மறுபக்கம். 2007-இல் அந்தத் தண்டனைக்கு ஆதரவாக வாக்களித்த ஹாரல்ட் இக்கஸ், 2008-இல் கிளிண்டனின் ஆலோசகராக அதே தண்டனையை எதிர்த்து வாதிட்டார். மே 31 அன்று கட்சியின் விதிக் குழு, அப்பேராளர்கள் வரலாம், ஆனால் ஒவ்வொருவருக்கும் அரை வாக்குத்தான் என்று முடிவு செய்தது. ஒபாமாவின் வெற்றி உறுதியான பிறகு, ஆகஸ்டில், அவரே கேட்டுக்கொள்ள, முழு வாக்கும் திரும்பக் கிடைத்தது. தாராள மனம்தான்; ஆனால் அப்போது அதற்கு எந்த விலையும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இவ்வழக்கில் இரண்டு பக்கமும் நீதியின் பெயரையே சொல்லின. இரண்டிலும் உண்மை இருந்தது. விதி என்பது, அதற்குக் கீழ்ப்படிந்தவர்களுக்கு நாம் கொடுத்த வாக்குறுதி. பிப்ரவரி வரை காத்திருந்த மாநிலங்கள் அந்த வாக்குறுதியை நம்பியே காத்திருந்தன. அதே நேரத்தில், தேதியை முன்னுக்குத் தள்ளியவர்கள் மாநிலத் தலைவர்கள். தண்டனையைச் சுமந்தவரோ வரிசையில் நின்று வாக்களித்த எளிய மனிதர். என் பங்கிலும் அப்படித்தான். 17 அன்பியங்கள் தேதியை மதித்தன. 18-ஆவது அன்பியமோ கடலில் இருந்தது.

நம் தமிழ்நாட்டிலும் அண்மையில் இத்தகைய வழக்கொன்றைக் கண்டோம். அனைத்திந்திய அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் சட்டவிதி, பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர் அனைவருமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. பொதுக்குழு மற்ற விதிகளைத் திருத்தலாம், இதனைத் திருத்தலாகாது என்றும் சொன்னது. ஜெயலலிதா 2016-இல் மறைந்தபின், 2017 செப்டம்பரில் பொதுக்குழு அப்பதவியையே நீக்கி ஒருங்கிணைப்பாளர், இணை ஒருங்கிணைப்பாளர் என்ற இரு பதவிகளை அமைத்தது. 2022 ஜூலை 11 அன்று வானகரத்தில் கூடிய பொதுக்குழு எடப்பாடி பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளராக்கியது, ஓ. பன்னீர்செல்வத்தை நீக்கியது. பொதுச்செயலாளர் பதவிக்குப் போட்டியிட விரும்புகிறவரை 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், 10 பேர் வழிமொழிய வேண்டும் என்ற விதியும் வந்தது.

உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஆகஸ்டில் ஒரு பக்கமும், இரு நீதிபதிகள் அமர்வு செப்டம்பரில் மறுபக்கமும் தீர்ப்பளித்தனர்; 2023 பிப்ரவரி 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அமர்வின் தீர்ப்பை உறுதி செய்தது. எக்கட்சிக்காகவும் எத்தலைவருக்காகவும் பேசுவது என் பணியன்று. ஒன்றை மட்டும் கேட்கிறேன். 2017-இல் விதி மாறியபோது இரு தலைவர்களும் ஒருசேர நின்றார்கள். விதி தமக்கு உதவியபோது அதன் புனிதம் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. தம்மைச் சுட்டபோதுதான் நினைவுக்கு வந்தது. கூட்டம் முறைப்படி கூட்டப்பட்டதா என்பதை நீதிமன்றம் சொல்லும். கூட்டியவரின் உள்ளம் எப்படி இருந்தது என்பதை அது சொல்லாது. அதனை மனச்சான்றுதான் சொல்ல வேண்டும். சுவரொட்டி ஒட்டிய அடிப்படை உறுப்பினரின் ஒற்றை வாக்கு எங்கே போயிற்று என்பதும் மனச்சான்றின் கேள்வியே.

குருமடத்தில் புனித தாமஸ் அக்குவினாஸின் சட்டம் பற்றிய போதனையைப் படித்தபோது அதனை வெறும் தேர்வுப் பாடமாகவே எண்ணினேன். சட்டம் பொதுநன்மைக்காக இருக்க வேண்டும். உரியவர்களுக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்கிறார் அவர். சட்டத்தை மாற்றுவதே ஒரு தீங்கு, ஏனெனில் வழக்கத்தால் வந்த கட்டுப்பாடு அதனால் தளர்கிறது. அத்தீங்கை ஈடுசெய்யும் தெளிவான நன்மை இருந்தாலன்றி மாற்றலாகாது என்றும் கூறுகிறார். எனினும், சட்டத்தின் எழுத்து அதன் நோக்கத்துக்கே எதிராகப் போகும் வேளையில் எழுத்தைக் கடந்து நோக்கத்தைக் காப்பதும் ஒரு புண்ணியம் என்று அவரே கற்பிக்கிறார். எபிகேயா என்பது அதன் பெயர். ஓய்வுநாளில் கதிர் கொய்த சீடர்களுக்காக ஆண்டவர் பேசியதும் இந்த உணர்விலேயே.

அப்படியானால் எழுத்தைக் கடப்பது எப்போது புண்ணியம், எப்போது ஓரவஞ்சனை? திருச்சபையின் பழைய நடைமுறையில் இதற்கு ஒரு குறிப்பு உண்டு. யூதாசின் இடத்துக்கு ஒருவரைத் தேர்ந்தபோது, பேதுரு முதலில் தகுதியைச் சொன்னார். அதன் பின்னரே யோசேப்பு, மத்தியா என்ற இரு பெயர்கள் முன்வைக்கப்பட்டன. பெயருக்கு முன் விதி வந்தது. திருத்தந்தையின் இருக்கை வெறுமையாய் இருக்கும் காலத்தில் எதையும் புதிதாக மாற்றலாகாது என்பது திருச்சபைச் சட்டம். வாக்களிக்கும் கர்தினால்கள் 120 பேருக்கு மேற்படலாகாது என்று இரண்டாம் ஜான் பால் 1996-இல் வரையறுத்திருந்தார். 2025-இல் 133 பேர் வாக்களிக்க வந்தனர். ஐயம் எழுந்தது. கூடுதலானவர்களை நியமித்த திருத்தந்தையே அந்த வரம்பைத் தளர்த்தியவர் ஆகிறார். ஆகவே அனைவருக்கும் உரிமை உண்டு என்று ஏப்ரல் 30 அன்று கர்தினால்கள் அறிவித்தனர். மே 7 அன்றுதான் வாக்கெடுப்பு தொடங்கியது. யாருக்கு எத்தனை வாக்கு விழும் என்று எவரும் எண்ணிப் பார்ப்பதற்கு முன்னரே ஐயம் தீர்ந்தது.

ஆனால் எல்லா ஐயங்களையும் முன்கூட்டியே காண முடியாது. விதியின் ஓட்டை பெரும்பாலும் கடுமையான போட்டியில்தான் தெரியவரும். அப்போது முடிவெடுக்க வேண்டியவர் தம்மை ஒன்று கேட்டுக்கொள்ளட்டும்: இரு பெயர்களையும் இடம் மாற்றி வைத்தாலும் இதே தீர்ப்பைத்தான் சொல்வேனா? இன்று சொல்லும் காரணத்தை எழுதி வைத்து, நாளை அது என்னையே கட்டுப்படுத்தும்போதும் ஏற்பேனா? இவ்விரு கேள்விகளுக்கும் ஆம் என்று சொல்ல முடிந்தால், கண்டிப்பும் நீதியாகும், இரக்கமும் நீதியாகும். முடியாவிட்டால், இரண்டுமே முகமூடிகள்.

என் விடைக்கு வருகிறேன். அந்தத் தேர்தலுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே பங்கில் நடந்த தேர்தலிலும் ஓர் அன்பியத்தின் பட்டியல் பிந்தி வந்தது. அப்போது போட்டி இல்லை. ஒரு சொல்லும் சொல்லாமல் நான் வாங்கிக்கொண்டேன். இரண்டாம் முறை நான் விதியைப் பற்றிக்கொண்டது விதியின் மேலுள்ள மதிப்பினால் அன்று. வென்றவர் கோயில் கட்டட வேலைக்குத் துணை நிற்பார் என்று நான் விரும்பினேன். விருப்பத்துக்கு விதியின் அங்கியை உடுத்தினேன். அவ்வாண்டுத் திருவிழாவில் அந்த அன்பியம் கலந்துகொள்ளவில்லை. கோயில் வேலை முடிந்தது. அதன் அர்ச்சிப்பு நாளிலும் அந்த வீடுகளின் வாசல்கள் சாத்தியே இருந்தன.

மாற்றலாகிப் புறப்படுவதற்கு முந்தின நாள் இரவு அந்த அன்பியக் கூட்டத்துக்குப் போனேன். நடந்ததை நடந்தபடி சொல்லி மன்னிப்புக் கேட்டேன். முதியவர் முன் வரிசையில் இருந்தார். "இத அண்ணைக்கே சொல்லியிருந்தா, நாங்களே அந்த ரெண்டு ஓட்டும் வேண்டாம்னு விட்டிருப்போம் சாமி" என்றார். அவர்கள் வாக்கைவிடப் பெரிதாக ஒன்றை இழந்திருந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தங்களைப் பொருட்படுத்தி ஒருவர் உண்மை பேச வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.

அதன் பிறகு, நான் இருக்கும் பங்குகளில் தேர்தல் இல்லாத ஆண்டிலேயே பேரவை விதிகளைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கச் செய்கிறேன். கடலுக்குப் போகிறவர்களுக்கும் வெளியூரில் வேலை செய்கிறவர்களுக்கும் என்ன வழி என்பதை அப்போதே பேசி எழுதிவிடுகிறோம். கேட்க வருகிறவர்கள் குறைவு; கொட்டாவி விடுகிறவர்களும் உண்டு. ஆனால் கதவை எப்போது பூட்டுவது என்று முடிவு செய்ய அதுவே நல்ல நேரம். வெளியே நிற்பவர் யார் என்று அப்போது எவருக்கும் தெரியாது.