நடை சாத்தாத தொலைபேசி

தம்பினில் இருப்பவர்கள் ரயில் ஏற வேண்டுமானால் மாநிலம் தாண்ட வேண்டும். நகரம் நெகிரி செம்பிலானில் இருக்கிறது. ரயில் நிலையமோ மலாக்கா மாநிலத்துப் புலாவ் செபாங்கில். 'புலாவ் செபாங்/தம்பின்' என்று நிலையத்தின் பெயரிலேயே இரண்டு ஊரும் அடக்கம். தைப்பூசம் வந்தால் இந்த எல்லைக்கோடு இன்னும் நன்றாகத் தெரியும். நெகிரி செம்பிலானில் அன்று மாநில விடுமுறை; மலாக்காவின் விடுமுறைப் பட்டியலில் நெடுங்காலமாகவே தைப்பூசம் இல்லை. தம்பினில் ஆபீஸ் பூட்டிக் கிடக்கும். கூப்பிடு தூரத்தில் இருக்கும் பக்கத்து ஊரில் வழக்கமான வேலைநாள் நடந்துகொண்டிருக்கும்.

தொலைபேசிக்கு இந்தக் கோடு தெரியாது. இரு மாநிலத்துக்கும் வட்டார எண் ஒன்றே: 06. புலாவ் செபாங் வியாபாரி ஒருவர் தைப்பூசத்தன்று தம்பின் ஆபீஸ் எண்ணுக்கு அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் காலி அறையில் மணி அடித்து ஓய்ந்துவிடும். ஆபீஸ் எண்ணைக் கைப்பேசியோடு இணைக்கும் புதிய முறையில் அதே மணி கிராணியின் சட்டைப் பையில் ஒலிக்கும். அவர் அப்போது தம்பியின் காவடிக்குத் துணையாக நடந்துகொண்டிருக்கலாம்.

மேசைத் தொலைபேசியையும் கைப்பேசியையும் ஒன்றாக்கும் இந்தச் சேவை உலகுக்குப் புதிதில்லை. பிரிட்டனில் பிடி நிறுவனம் 2005-லேயே 'பிடி ஃப்யூஷன்' என்ற பெயரில், ஒரே கருவி வீட்டுக்குள் அகலப்பட்டை வழியாகவும் வெளியே கைப்பேசி வலை வழியாகவும் பேசும்படி செய்தது, அது நிலைக்கவில்லை. மலேசியாவில் டெலிகோம் மலேசியா 2008-ல் தன்னிடமிருந்த கைப்பேசி நிறுவனமான செல்கோமைத் தனி நிறுவனத்தோடு சேர்த்துப் பிரித்து அனுப்பியது. பத்து ஆண்டு கழித்து 2018-ல், யூனிஃபை மொபைல் என்று கைப்பேசிச் சேவையைத் தன் வீட்டு இணைய சேவையின் பெயருக்குள்ளேயே மறுபடி கொண்டுவந்தது. பிரித்ததைச் சேர்க்கச் சொல்லிச் சந்தை கேட்டது.

ஆபீஸில் நடக்கும் வேலை எளிது. மேசைத் தொலைபேசிகளை இணைக்கும் பிஏபிஎக்ஸ், இணையம் வழியாகக் குரல் செல்லும் தடத்தோடு சேர்க்கப்படுகிறது. ஒவ்வொரு ஊழியரின் கைப்பேசியும் அதில் ஓர் உள் எண்ணாகப் பதிவாகிறது. வெளியிலிருந்து வரும் அழைப்பு மேசையிலும் பையிலும் ஒரே நேரத்தில் மணியடிக்கும். மேசையில் தொடங்கிய பேச்சைத் துண்டிக்காமல் கைப்பேசிக்கு மாற்றிக்கொண்டு லாரியில் ஏறிவிடலாம். ஊழியர் கைப்பேசியிலிருந்து அழைத்தாலும் எதிர்முனையில் ஆபீஸ் எண்தான் தெரியும்; சொந்த எண் வெளியே போகாது.

செம்பனை வட்டாரத்தில் இதன் தேவையை மறுப்பது நியாயமாகாது. கெமென்சே, ரெப்பா, ஆயர் கூனிங் என்று தம்பின் மாவட்டத்தில் ஒரு காலத்தில் பால்மரம் நின்ற மேடுகளில் இன்று செம்பனை நிற்கிறது. வெட்டிய குலை காத்திருக்காது. பழத்திலுள்ள நொதி எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலத்தைக் கூட்டிக்கொண்டே போகும். 24 மணி நேரத்துக்குள் ஆலை சேர வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பால பாடம். லாரி பள்ளத்தில் இறங்கிவிட்டது, ஆலையில் கொதிகலன் நின்றுவிட்டது என்ற செய்தி ஆபீஸ் பூட்டிய பிறகு வந்தால் யாராவது எடுத்தே ஆக வேண்டும்.

எனவே கருவி நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை. ஓர் எண் இரண்டு இடத்தில் இருக்க முடியும் என்று பொறியியல் காட்டிவிட்டது. அந்த எண்ணுக்கு உரியவர் இரண்டு இடத்தில் இருக்க முடியுமா? இருந்தாக வேண்டும் என்று இன்னொருவர் அவரைக் கட்டாயப்படுத்தலாமா? நிலைத்திருப்பதற்கும் நகர்ந்து வருவதற்கும் உள்ள உறவைத் தமிழ்ச் சமயம் தெய்வத்தை முன்வைத்து வெகு காலமாகவே யோசித்து வந்திருக்கிறது. அந்த யோசனை இங்கே கைகொடுக்கும்.

ஆகமங்கள் திருமேனிகளை அசலம், சலம், சலாசலம் என்று வகுக்கின்றன: நிலைத்தவை, நகர்பவை, இரண்டுமானவை. கருவறையில் கல்லில் நிலைபெற்ற மூலவர் பீடத்தை விட்டு வருவதில்லை. ஊர் தேடி வருபவர் ஐம்பொன் உற்சவர். வைகானச முறை இன்னும் நுட்பமாகப் போகிறது. அங்கே நிலைத்த துருவ பேரத்தோடு கௌதுகம், ஸ்நபனம், உற்சவம், பலி என்று தனித்தனிப் பணிக்குத் தனித்தனித் திருமேனிகள் உண்டு. மூலத்துக்கும் கௌதுகத்துக்கும் இடையே தர்ப்பைக் கூர்ச்சத்தால் தொடர்பும் வைப்பார்கள். திருமலையில் வேங்கடவன் உள்ளே நிற்க, வீதிக்கு வருபவர் மலையப்ப சாமி. சிதம்பரத்தில் நிலைமை வேறு. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் மூலவரான நடராசரே தேரேறுகிறார். மூலவரும் உற்சவரும் அங்கே ஒருவரே.

தோட்டத்து அம்மனுக்கு இத்தனை நூலறிவு தேவைப்படவில்லை. லயத்து மக்கள் திருவிழாவில் கரகம் பாலித்து அவளை வாசல் வாசலாக அழைத்து வந்தார்கள். கோயிலிலும் அவள் இருந்தாள், கரகத்திலும் வந்தாள். யாருக்கும் அதில் குழப்பம் வந்ததில்லை.

இப்படிப் பல இடத்தில் எழுந்தருளும் தெய்வத்துக்கும் நடை சாத்தும் நேரம் உண்டு. உச்சிக்காலப் பூசை முடிந்தால் கதவு மூடும். அர்த்தசாமம் முடிந்தால் பள்ளியறை. விடியலில் திருப்பள்ளியெழுச்சி பாடித்தான் எழுப்ப வேண்டும். எங்கும் நிறைந்தவருக்கு உறக்கம் எதற்கு என்று கேட்கலாம். அவருக்கு அது வேண்டாதிருக்கலாம்; அர்ச்சகருக்கும், மடைப்பள்ளிக்காரருக்கும், கும்பிட வரும் ஊருக்கும் அந்தக் கதவு வேண்டியிருந்தது. எல்லையில்லாத ஒன்றோடு வைக்கும் உறவுக்குக்கூட ஒரு வேளையையும் ஓர் ஓய்வையும் வகுத்துக்கொண்ட சமூகம் இது. எல்லையுள்ள மனிதரிடம் அதைவிடக் கூடுதலாகக் கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

வியப்பு என்னவென்றால், தொலைபேசியைக் கட்டிய பொறியாளர்களும் இந்தக் கதவை மறக்கவில்லை. இணையவழி அழைப்புகளை நடத்தும் எஸ்ஐபி நெறிமுறை 2002-ல் ஆர்எஃப்சி 3261 என்ற ஆவணமாக வெளியானது. ஒருவரின் நிலையான முகவரி வேறு, அவர் இப்போது எந்தக் கருவியில் கிடைப்பார் என்ற பதிவு வேறு என்பது அதன் அடித்தளம். அந்தப் பதிவுக்கு ஆயுள் உண்டு. புதுப்பிக்காமல் விட்டால் காலாவதியாகும். ஓர் அழைப்பு பல கருவிகளுக்குக் கிளை பிரிந்து போகும்போது திரும்பி வரும் 'வேலையாக இருக்கிறார்' என்ற பதிலும் இரண்டு விதம். 486 என்று பதில் வந்தால், இந்தக் கருவியில் அவர் வேலையாக இருக்கிறார் என்று பொருள். மற்றக் கிளைகள் தொடர்ந்து மணியடிக்கும். 600 என்று வந்தால் அவர் எங்குமே பேசும் நிலையில் இல்லை. தேடல் அத்தோடு நிற்க வேண்டும். 'எங்கும் இல்லை' என்று சொல்லும் வழி நெறிமுறையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பதிலைத் தரும் பொத்தானை ஊழியரின் விரலுக்கு எட்டாமல் வைத்தால், அது நிர்வாகம் எடுத்த முடிவு. தொழில்நுட்பத்தின் மேல் பழிபோட முடியாது.

எங்கும் இருப்பது பதியின், அதாவது இறைவனின், இயல்பு. உயிரின் இயல்பு அப்படியில்லை. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 12 நூற்பாக்களில் நிலைநாட்டிய சைவ சித்தாந்தம், உயிரைச் சார்ந்ததன் வண்ணமாகும் பொருளாகக் காண்கிறது. எதைப் பற்றுகிறதோ அதன் தன்மையை அது ஏற்றுக்கொள்ளும். மணி இரண்டு கருவியில் அடிக்கலாம். கேட்கும் உயிர் ஒன்றில்தான் நிற்கும். பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டே குலைக்கணக்கு சொல்லும் தாய் அந்த நிமிடங்களில் ஆபீஸில்தான் இருக்கிறார். உடல் தாமான் வீட்டுச் சமையலறையில் இருப்பதால் எதுவும் மாறிவிடாது, பிள்ளைக்கு அது உடனே தெரிந்தும்விடும். ஒரே எண் ஒருவரை இரண்டு இடத்தில் இருக்க வைக்கிறது என்ற விளம்பர வாக்கியம் சித்தாந்தப்படி தவறு. அவரை ஓரிடத்திலிருந்து பிடுங்கி இன்னோரிடத்தில் நடுகிறது என்பதே சரி.

இதற்கு வைணவத்திலிருந்து ஓர் எதிர்வாதம் வரலாம். எளிதில் கிட்டும் தன்மையை, சௌலப்பியத்தை, பெருமாளின் பெருங்குணங்களில் ஒன்றாக ஆசாரியர்கள் கொண்டாடுகிறார்கள். பரமபதத்தில் இருப்பவன் கோயில் திருமேனியான அர்ச்சையாக இறங்கி வந்து, அர்ச்சகர் நீராட்டினால் நீராடி, உறங்கவைத்தால் உறங்குகிறான். எட்டாதவன் எட்டும்படி வந்ததே பெருமை என்றால், எப்போது அழைத்தாலும் கிடைக்கும் ஊழியரும் அந்த நற்குணத்தைத்தானே காட்டுகிறார்?

வாதம் அழகானது. ஆனால் ஓரிடத்தில் முறிகிறது. பெருமாள் சுதந்திரன். வராமல் இருக்க முடிந்தவன் வருவதால்தான் அது அருள். மறுக்க முடியாதவர் கிடைப்பதற்கு அருள் என்று பெயர் வைக்க வழியில்லை. இரவு 10 மணிக்குத் தானாக மனமுவந்து எடுக்கும் முதலாளியும், எடுக்காவிட்டால் நாளை என்ன கேட்பார்களோ என்று பயந்து எடுக்கும் கிராணியும் ஒரே எண்ணில் பேசினாலும் செய்வது வேறு வேறு செயல்கள். முதலாளி தன் எளிமையைக் காட்டி, அதே எளிமையைக் கிராணியிடம் எதிர்பார்க்கும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. பெரும்பாலான ஆபீஸ்களில் தீங்கு தொடங்குவது கெட்ட எண்ணத்தால் இல்லை, இந்த மறதியால்தான்.

தோட்டத்துக் குடும்பங்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. குடியிருந்த லயம் தோட்டத்துச் சொத்து. விடியுமுன் பெரட்டுக்கு, பெயர் கூப்பிடும் வரிசைக்கு, ஓட வேண்டும். வேலை போனால் வீடும் போகும். 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் கூலி உயர்வோடு மட்டும் நிற்கவில்லை. துரைமாரும் தோட்டத்து உத்தியோகஸ்தர்களும் எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும் என்றார்கள். மரம் வெட்டி முடித்த பிறகும் தங்கள் உடலும் வாசலும் நிர்வாகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததை அவர்கள் எதிர்த்தார்கள். அந்தப் போராட்டம் ராணுவத்தைக் கொண்டு ஒடுக்கப்பட்டது, உயிர்களும் போயின.

பிறகு பல தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன. பால்மரம் செம்பனையானது. பிள்ளைகள் தாமான் வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். நிர்வாகம் திறக்க முடியாத ஒரு வாசற்கதவு அந்தக் குடும்பங்களில் பலவற்றுக்கு அப்போதுதான் முதன்முதலாகக் கிடைத்தது. அந்தக் கதவைத் தட்டாமலே பெரட்டு உள்ளே வருவதை வசதி என்ற ஒரே சொல்லில் வரவேற்பது முன்னோர் பட்ட பாட்டுக்குச் செய்யும் நன்றியாகாது.

சட்டம் மெதுவாகத்தான் வருகிறது. பிரான்ஸில் 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் வேலைநேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பற்றி ஊழியர்களோடு பேச வேண்டும் என்ற விதி 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை 2024 ஆகஸ்டில் வந்தது. இந்தியாவில் சுப்ரியா சுலே 2018-ல் மக்களவையில் கொண்டுவந்தது தனிநபர் மசோதா மட்டுமே. மலேசியாவில் 2023 ஜனவரி முதல் வாராந்தர வேலைநேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்தில் கேட்கலாம், முதலாளி 60 நாளுக்குள் பதில் தர வேண்டும். இரவில் வரும் ஐந்து நிமிட அழைப்பு அந்த 45 மணியில் சேருமா என்பதை ஒவ்வோர் ஆபீஸும் தன் மனச்சாட்சிப்படி தீர்த்துக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் பள்ளத்தில் இறங்கிய லாரியை யார் பார்ப்பது? தோட்டத்துக் கோயில் அமைப்பிலேயே இதற்கு விடை இருக்கிறது. அம்மனுக்கு நடை சாத்திய பிறகு எல்லையில் முனியாண்டி விழித்திருப்பார் என்பது நம்பிக்கை. காவல் அவர் பொறுப்பு; அதற்கென்று தனிப் படையலும் தனி மரியாதையும் அவருக்கு உண்டு. எல்லாத் தெய்வமும் இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும் என்று எந்தப் பூசாரியும் சொன்னதில்லை. ஆபீஸிலும் அப்படிச் செய்ய முடியும். வாரத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து, அவசர அழைப்பு அவருக்கு மட்டும் போகச் செய்து, அந்த நேரத்துக்கு ஊதியமும் கொடுத்தால் குலை அழுகாது. மற்றவர்களின் கைப்பேசிகள் அமைதியாக இருக்கும். அழைத்தவருக்கும் காரணம் சொல்லும் ஒரு குரல் கிடைக்கும்.

தம்பினிலும் கெமென்சேயிலும் இந்த இணைப்பைப் போட இருக்கும் முதலாளிகளுக்கும், ஆலை மேலாளர்களுக்கும், கைப்பேசியிலேயே அர்ச்சனைச் சீட்டும் மண்டப முன்பதிவும் கேட்கப்படும் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொருத்த வரும் தொழில்நுட்பரிடம் மணி எத்தனை கருவியில் அடிக்கும் என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை மணிக்கு நிற்கும், விடுமுறை நாளில் யாருக்குப் போகும், ஊழியர் தானாக நிறுத்திக்கொள்ள வழி உண்டா என்றும் கேளுங்கள். நேர அட்டவணையையும் முறைக்காரர் எண்ணையும் முதல் நாளே பதிவுசெய்யச் சொல்லுங்கள். அந்த அமைப்புகளை மாற்றும் கடவுச்சொல் உங்களிடம்தான் இருக்கிறது, கிராணியிடம் இல்லை.