நீர் கோத்த உடம்பு

பெரியம்மாவின் கணுக்காலுக்கு மேல், எலும்பின் மீது விரல் வைத்து அழுத்துகிறேன். எடுக்கிறேன். குழி நிற்கிறது.

பார்த்துக்கொண்டிருக்கிறேன். மெல்ல மேடாகிறது.

*

நீர் கோத்துக்கொண்டது என்கிறாள் பெரியம்மா. குரலில் குறை இல்லை.

*

வீக்கம் காலில். நோய் இதயத்தில்.

நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ள வேண்டிய தசை. தளர்ந்திருக்கிறது. தள்ள முடியாதது பின்னால் தேங்குகிறது. கலங்கல் அடைபட்டால் ஏரித் தண்ணீர் உள்வாய்ப் பக்கம் ஏறும். உத்திரமேரூர்ப் பக்கத்தில் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இடப்பக்கம் தளர்ந்தால் நுரையீரல் நனைகிறது.

வலப்பக்கம் தளர்ந்தால் ஈரல், வயிறு, கால்.

*

வலது விலாவுக்குக் கீழே கனக்கிறதாம். அங்கேதான் ஈரல். தேங்கிய ரத்தத்தால் வீங்கி, மேலுறையை இழுக்கிறது. நாள்பட்டுப் போனால் அதன் உட்புறம் செம்புள்ளியும் வெளிறலுமாக மாறுகிறது. மருத்துவ நூல்களில் அதற்கு ஜாதிக்காய் ஈரல் என்று பெயர்.

மணக்கும் பெயர்.

*

குடல் சுவரும் ஊறிப்போகிறது. கஞ்சி இரண்டு வாய். போதும் என்கிறாள்.

*

மனம் சிறுநீரகத்தில் வந்து நிற்கிறது.

அதற்கு வந்து சேரும் ரத்தம் குறைவு. உடம்பு வறண்டுவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. உப்பைப் பிடித்து வைக்கிறது. நீரைப் பிடித்து வைக்கிறது. காப்பாற்றத்தான் பார்க்கிறது.

வீக்கம் ஏறுகிறது.

*

படுத்தால் மூச்சு வாங்குகிறது. காலில் இறங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி நெஞ்சுக்கு வருகிறது. சுவரில் சாய்ந்து, தலையணைகளுக்கு நடுவே, உட்கார்ந்தபடியே உறக்கம்.

மூச்சு உள்ளே போகும்போது அடியில் மெல்லிய நொறுநொறுப்பு.

பிறகு ஒன்றுமில்லை.

பிறகு மறுபடி.

*

இந்தப் பக்கத்தில்தான், மாகறல் என்ற ஊரை ஒட்டிச் செய்யாறு. திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் சேர்கிறது. அங்கே பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு. 11ஆம் நூற்றாண்டு. ஆதுலர் சாலை ஒன்று, நோயாளிகளுக்கான மருத்துவமனை, அதில் இருக்கிறது. பெயர் வீரசோழன். படுக்கைகள் 15. மருத்துவர் ஒருவர். சல்லியக் கிரியை, அதாவது அறுவை, செய்ய ஒருவர். மூலிகை கொண்டுவர இருவர். பணிவிடைக்குப் பெண்கள் இருவர்.

ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் இருக்கின்றன. அவற்றுள் தசமூல ஹரீதகி. பத்து வேர்களும் கடுக்காயும். வீக்கத்துக்கு ஆயுர்வேதம் சொல்லும் மருந்து.

அந்தப் படுக்கைகளிலும் யாரோ உட்கார்ந்தபடி உறங்கியிருக்கக்கூடும். பணிப்பெண் விழித்திருந்திருக்கக்கூடும்.

இதற்கென்று நெல் ஒதுக்கியிருக்கிறார்கள். அதை நினைக்க நெஞ்சு நிறைகிறது.

*

காலையில் நீர் மாத்திரை. ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து போகிறாள். மறுபடியும் போகிறாள். மதியம் முகத்தில் கொஞ்சம் தெளிவு.

இதயம் அப்படியேதான் இருக்கிறது.

*

ஊறுகாய் ஜாடி பரணுக்குப் போயிற்று. கருவாடு இல்லை. அப்பளம் இல்லை. உப்பு நீரைப் பிடிக்கும்.

*

விடிந்ததும், சிறுநீர் கழித்த பின், சாப்பிடும் முன் எடை பார்க்கிறோம். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால், ஏறியது நீர்தான். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.